ரங்கூன் சர்டிபிகேட்

ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அருள்ராணி ஐந்தே முக்காலுக்கே வந்து உண்ணாமலை ஆச்சி பிரசவ ஆஸ்பத்திரியின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. புடவை கசங்கிவிடுமே என்று பெஞ்சின் விளிம்பில் பட்டும் படாமலும் தொற்றிக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளைப் புடவைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் அம்மா அருளம்மாள் கஞ்சி போட்டுக் காயவைத்து, பித்தளைச் செம்பில் நெருப்பை அள்ளிப் போட்டுத் தேய்த்துக் கொடுத்திருந்தாள். பர்மா அரிசி நின்றுபோய் ஊரே ரேஷன் கடை வாசலில் தவம் கிடக்கும் காலம். குடிக்கிற கஞ்சியைத் துணிக்கு ஊற்றுகிறாளே என்று மார்த்தாண்டபுரத்தில் அடுத்த வீட்டுக்காரி வாயில் கை வைத்தாள். "நர்ஸ் புடவைன்னா வெறைப்பா நிக்கணும்டி, ஒனக்கென்ன தெரியும்" என்று அருளம்மாள் அவளை ஒரே பேச்சில் அடக்கிவிட்டாள்.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா தங்கமுத்து துடைப்பத்தை நிறுத்தினாள். ஐம்பது வயசு இருக்கும். வாய் நிறைய வெற்றிலை.

"யாருங்க? ஒங்க வீட்டுல யாருக்காச்சும் வலியா?"

"இல்லங்க. நர்ஸ் வேலைக்கு வரச் சொன்னாக."

"ஆத்தாடி, அந்த ரங்கூன் நர்சம்மாவா! டாக்டரம்மா ரெண்டு நாளா ஒங்க பேச்சாத்தானே இருக்காக. அந்தப் பேப்பரு, அதைக் கொண்டாந்திருக்கீகளா?"

அருள்ராணி இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். மெழுகுத் துணியில் சுற்றிய சர்டிபிகேட் அங்கேதான் இருந்தது. போன வருஷம் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து கிளம்பி, அரக்கான் மலை வழியாக அம்மாவும் அப்பாவுமாக மூன்று பேர் நடந்தார்கள். சிட்டகாங் வந்து சேர்ந்தது இரண்டு பேர். அப்பா லூர்துநாதனுக்கு வழியில் காலரா. எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தவள் கையில் ஒரு சொட்டு மருந்து இல்லை. அவரை மூங்கில் புதரோரம் புதைத்துவிட்டு நடந்தபோதும் இந்தச் சுருள் அவள் இடுப்பில்தான் இருந்தது. பானை, பாத்திரம், போட்டோ, நகை எல்லாம் மலை தின்றுவிட்டது. இது மட்டும் நனையவில்லை.

நேரம் போகவில்லை. எழுந்து வராந்தாத் தூண் ஒன்றில் கை வைத்துப் பார்த்தாள். பர்மா தேக்கு. ஆஸ்பத்திரியைக் கட்டிய செட்டியார் குடும்பத்துக்கு அங்கே ஆறு அரிசி ஆலை இருந்ததாம். கட்டடம் முழுக்க அங்கிருந்து கப்பலில் வந்த மரம். அருள்ராணிக்குச் சொந்தக்காரரைப் பார்த்தமாதிரி இருந்தது. வேலை கிடைத்துவிடும் என்று அப்போதே மனசுக்குள் அடித்துச் சொன்னாள்.

மானேஜர் கண்ணுசாமிப் பிள்ளை நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். சர்டிபிகேட்டை மேஜை மேல் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு பேப்பர் வெயிட் வைத்து, முழுசும் படித்தார்.

"நாலு வருசம் படிப்பு. பிரசவம், பொது வார்டு ரெண்டும் பாஸ். அப்புறம் வார்டுப் பொறுப்பு. பலே. ஒங்க பூர்வீகம் ஆவூருன்னு டாக்டரம்மா சொன்னாக?"

"அப்பா ஆவூருங்க. நான் பொறந்தது ரங்கூன்."

"அப்ப நீங்க நம்ம ஊரு. பேப்பர்தான் வெளியூரு." அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பர்மா இப்ப வேற தேசம்மா. முப்பத்தேழுலயே வெள்ளைக்காரன் பிரிச்சுட்டானே."

"நான் படிக்கச் சேந்தப்போ பிரிக்கலைங்களே."

மானேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை முடிப்பதற்குள் வெளியே மாட்டுவண்டி நிற்கிற சத்தமும், "அம்மா, அம்மா" என்ற அலறலும் கேட்டன. குளத்தூர்ப் பக்கத்துப் பெண், முத்துமாரி என்று பெயர். நேற்று மத்தியானத்திலிருந்து வலி. குழந்தையின் கால் இரண்டும் வெளியே வந்து ஒரு நாழிகை ஆகிறது என்றான் வண்டியோட்டி வந்த புருஷன்.

டாக்டரம்மா பிரகதாம்பாள் உள்ளே வேறொருத்திக்கு ரத்தப்போக்கை நிறுத்திக்கொண்டிருந்தார். விட்டுவிட்டு வர முடியாது. பாதிக் கதவு வழியாகத் தலையை மட்டும் நீட்டினார்.

"அருள்ராணி! கால் முன்னால வந்த கேஸ் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் டாக்டர். முப்பதுக்கு மேல."

"அப்ப பேப்பரை அவர் படிக்கட்டும். நீ இதைப் பாரு!"

அருள்ராணிக்கு உடம்பெல்லாம் சுரீர் என்றது. ஒன்றரை வருஷமாகக் கட்டிப்போட்டிருந்த கையை யாரோ அவிழ்த்துவிட்டமாதிரி இருந்தது. முழங்கை வரை கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவினாள். "வேகமா, வேகமா" என்று தங்கமுத்து குதித்தாள். அருள்ராணி குதிக்கவில்லை. நகக்கண் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். அப்புறம்தான் தொட்டாள்.

உடம்பு வந்தது, கை வந்தது, தலை மாட்டிக்கொண்டது. அருள்ராணி குழந்தையின் உடம்பைத் தன் முன்கை மேல் சவாரி வைப்பதுபோல் கிடத்திக்கொண்டாள். ஒரு விரலை அதன் வாய்க்குள் விட்டுத் தாடையை நெஞ்சோடு தாழ்த்தினாள். "ஆயாம்மா, அடிவயித்துல கையை வைங்க. நான் சொல்றப்போ அமுக்குங்க. இப்ப இல்ல. இப்ப இல்ல. இப்ப!" தலை வழுக்கிக்கொண்டு வந்தது. ஆண் குழந்தை. நீலம் பாரித்துப்போய்த் துணிபோல் தொங்கியது.

"போச்சு" என்றாள் தங்கமுத்து.

"போகலை. ரெண்டு பேசின். ஒண்ணுல வெந்நீர், ஒண்ணுல பச்சைத்தண்ணி. ஓடுங்க!"

வாயிலிருந்து கோழையை உறிஞ்சித் துப்பினாள். குழந்தையைச் சூட்டில் முக்கினாள், குளிரில் முக்கினாள், திரும்பவும் சூட்டில் முக்கினாள். தொப்புள்கொடியில் விரலை வைத்துத் துடிப்பை எண்ணினாள். "தி, ஹ்னி, தோன், லே, ங்கா..." ரங்கூனில் பழகிய கை, ரங்கூனில் பழகிய எண்ணிக்கை. அவசரத்தில் அவளுக்கு எண்கள் பர்மியில்தான் வரும். பதினோராவது முக்கில் குழந்தை ஒருதரம் விக்கியது. மூக்கைச் சுளித்தது. அப்புறம் எடுத்தது பார், ஒரு கூப்பாடு! வண்டிமாடு மிரண்டு நுகத்தடியை இழுத்தது.

தங்கமுத்து தலைக்கு மேல் கையைக் குவித்துவிட்டாள். "மந்திரம் போட்டுட்டாகய்யா! புருபுருன்னு என்னமோ சொன்னாக, பிள்ளை முழிச்சுக்கிருச்சு!" என்று வார்டு வார்டாக ஓடிச் சொன்னாள். அது எண்ணிக்கைதான் என்று அருள்ராணி நூறு தரம் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. டாக்டரம்மா வந்து முத்துமாரியைச் சோதித்தார். ஒரு கிழிசல்கூட இல்லை. அருள்ராணியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துடு."

மார்த்தாண்டபுரம் வரைக்கும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாதி வழியில் ஓடவே ஆரம்பித்துவிட்டாள். இருபத்தாறு வயசுப் பெண் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பட்டப்பகலில் ஓடுவதைப் பார்த்து மேல ராஜ வீதிக் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அருளம்மாள் மகளைப் பார்த்ததும் கேட்கவே இல்லை, மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அடுத்த வீட்டுக்காரி கருப்பட்டிக் காப்பி போட்டாள். "கஞ்சி வீண்போகலை பாத்தியா" என்று அருளம்மாள் அவளிடம் கேட்டு, சிரிப்பும் அழுகையுமாகக் காப்பியைச் சிந்தினாள்.

மறுநாள் மானேஜர் விஷயத்தைச் சொன்னார். வேலைக்குத் தடையில்லை. ஆனால் தற்காலிகம். சான்று கொடுத்த இடத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு உறுதிக் கடிதம் வர வேண்டும். அது நிறுவனர் காலத்து விதி, எல்லா நர்சுக்கும் உண்டு. ரங்கூனிலிருந்து கடிதம் வந்த அன்றைக்கே நர்ஸ் ரிஜிஸ்தரில் பேர் ஏறிவிடும். அதுவரைக்கும் எந்த ரிஜிஸ்தரிலும் பேர் இல்லை, டாக்டரம்மாவின் துண்டுச் சீட்டில்தான் வருகை.

"ஐயா, ரங்கூன்ல இப்ப ஜப்பான்காரன்ல இருக்கான்?"

"அது தெரியும்மா. விதியில ஜப்பான்காரனைப் பத்தி ஒண்ணும் போடலையே."

அருள்ராணி அசரவில்லை. அன்று மத்தியானமே முத்து முத்தான இங்கிலீஷில் தன் பழைய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலாபீசுக்கு எடுத்துப்போனாள். தபால் குமாஸ்தா விலாசத்தைப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ரங்கூனுக்குத் தபால் நின்னு ஒண்ணரை வருசம் ஆச்சே தாயி. இது திரும்பித்தான் வரும்."

"திரும்பி வரட்டுங்க. திரும்பி வந்துச்சுன்னா அதுவும் ஒரு சாட்சிதானே? முத்திரையை மட்டும் நல்லா அழுத்திக் குத்தச் சொல்லுங்க."

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. 'போக்குவரத்து நிறுத்தம், அனுப்பியவருக்கே' என்று ஊதா மையில் அழகான முத்திரை. திரும்பி வந்த கடிதத்துக்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்தச் சமஸ்தானத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். உறையைக் கொடிபோல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குள் போனாள். மானேஜர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"இதுலேர்ந்து என்ன தெரியுதுன்னா, பதில் வரலைன்னு தெரியுது. வராதுன்னு தெரியலையேம்மா. சண்டை ஓயட்டும், பொறுங்க. பைல்ல வைக்கிறேன்."

பைலில் வைத்தார். ஆனால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் இடம் காலியாக இருக்கக்கூடாது. அடுத்த வாரமே சொர்ணவல்லி வந்தாள். பத்தொன்பது வயசு, பிரசவப் படிப்பு மட்டும் ஒரு வருஷம், சான்று கொடுத்த இடம் திருச்சிப் பக்கம். இரண்டே நாளில் உறுதிக் கடிதம் வந்து, அவள் பேர் ரிஜிஸ்தரில் ஏறியது. அவள்மேல் கோபப்படலாம் என்று அருள்ராணி ஒரு பகல் முழுக்க முயன்று பார்த்தாள். முடியவில்லை. ரத்தத்தைப் பார்த்தாலே அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிடும். கேஸ் வந்தால் டாக்டரம்மாவைத் தேடாது, "அக்கா, அக்கா" என்று இவளைத்தான் தேடும்.

"நான் செய்யறேன், நீ பாரு. அடுத்தது நீ செய், நான் பாக்குறேன்" என்று அருள்ராணி சொல்லிக்கொடுத்தாள். கைகழுவச் சொல்லிக்கொடுத்தாள். துடிப்பு எண்ணச் சொல்லிக்கொடுத்தாள். கேஸ் சீட்டு எழுதுவது மட்டும் அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. இங்கிலீஷ் உதைத்தது. அருள்ராணி எழுதுவாள், அவள் கையெழுத்துப் போடுவாள்.

இதற்குள் 'மந்திர நர்சம்மா' பேர் குளத்தூர் தாண்டி கீரனூர் வரைக்கும் போய்விட்டது. வண்டியிலிருந்து இறங்கும்போதே "அந்தப் புருபுரு சொல்ற அம்மா இருக்காகளா?" என்று கேட்டார்கள். இல்லையென்றால் இறங்கவே மாட்டோம் என்றார்கள். ஆவணி, புரட்டாசி இரண்டு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு பிரசவம். தாய் ஒருத்திகூடச் சாகவில்லை. டாக்டரம்மா அதையெல்லாம் பட்டியல் போட்டு, நான்கு பக்கம் காகிதம் எழுதி, ஐப்பசியில் டிரஸ்டிகள் கூட்டத்துக்கு வைத்தார்.

"பெரிய டிரஸ்டி செட்டியார் இருக்காரே, அவரும் பர்மாவுலேர்ந்து தப்பி வந்தவர். கப்பல்ல கடைசி டிக்கெட்டு. அவருக்குப் புரியாம வேற யாருக்குப் புரியப்போகுது?" என்றார் அருள்ராணியிடம். சொல்லும்போது அவருக்கே கண் மின்னியது.

கூட்டத்தன்று ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. டிரஸ்டிகளின் கார் இரண்டு வந்து நின்றது. மாடியில் கதவு சாத்தினார்கள். அருளம்மாளும் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்ற பெண்களெல்லாம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார்கள். தங்கமுத்து மாடிப்படியை மூன்றாவது தரம் துடைத்துக்கொண்டிருந்தாள். சொர்ணவல்லிக்கு நகம் கடித்துக் கடித்து விரல் புண்ணாகிவிட்டது.

கதவு திறந்தது. டாக்டரம்மா இறங்கி வந்தார். யாரையும் பார்க்காமல் நேரே ஆபரேஷன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏதோ அவசரக் கேஸ் போலிருக்கிறது என்று அருள்ராணி நினைத்தாள். அடுத்த நிமிஷம் ஆபீஸ் ஜன்னலில் குமாஸ்தா பிச்சைமுத்துவின் தலை தெரிந்தது. வாயெல்லாம் பல்.

"நர்சம்மா! பெர்மனெண்டு! ஒங்களைப் பெர்மனெண்டு பண்ணிட்டாக! ஆர்டர் டைப் ஆகுது!"

ஆஸ்பத்திரியே ஒரு கூச்சல் போட்டது. சொர்ணவல்லி ஓடிவந்து அருள்ராணியைக் கட்டிக்கொண்டாள். தங்கமுத்து ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி ஆடியே விட்டாள். "பதினோரு வருசமா நான் தெனக்கூலி. நாலு மாசத்துல பெர்மனெண்டு வாங்கிட்டீகளே, மகராசி! கையில மந்திரமில்லாம என்ன?" என்று அருள்ராணியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். வேப்பமரத்தடியில் அருளம்மாள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அருள்ராணி அப்பா, கேட்டீகளா" என்று வாய்விட்டு அழுதாள். அருள்ராணிக்குத் தலைகால் புரியவில்லை. தொப்பி நழுவியதுகூடத் தெரியவில்லை. இந்த ஊருக்கு இன்றுதான் உண்மையாக வந்து சேர்ந்தோம் என்று நினைத்தாள். கொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆபீசுக்குள் போனாள்.

மானேஜர் எழுந்து நின்று ஆர்டரைக் கொடுத்தார். டைப் மை இன்னும் ஈரம். அருள்ராணி தன் பேரைப் படித்தாள். நிரந்தரம் என்ற வார்த்தையைப் படித்தாள். அதற்கடுத்த வரியையும் படித்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள்.

"ஆயா ரிஜிஸ்தர்ல எடுத்திருக்காகம்மா" என்றார் மானேஜர் தாழ்ந்த குரலில். "டாக்டரம்மா மல்லுக்கட்டுனாக. பெரிய டிரஸ்டிதான் ஒரே பிடி. 'ரங்கூன்ல எங்க ஆலைப் பத்திரம், வீட்டுப் பத்திரம் எல்லாமே செல்லாக் காகிதமா என் பொட்டியில கெடக்கு. அங்கிட்டுக் குடுத்த காகிதத்தை வச்சு நான் எப்படி ஒரு ஆளை நர்சுன்னு எழுதுவேன்'னு கேட்டாரு. ஆனா நல்ல பொண்ணு, விட்டுறாதீங்க, நிரந்தரமா வச்சுக்கங்கன்னு அவர்தான் சொன்னாரு. வேலையெல்லாம் இப்பப் பாக்குறதேதான். ஒண்ணும் மாறாது."

வெளியே இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டது. தங்கமுத்து யாருக்கோ கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிச்சைமுத்து நீளமான ரிஜிஸ்தர் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தான். பக்கம் முழுக்கப் பேர்கள், பேர்களுக்கு எதிரே கறுப்புக் கறுப்பாய்க் கட்டைவிரல் ரேகைகள். கடைசி வரியில் 'அருள்ராணி' என்று எழுதியிருந்தான். அவள் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். அவன் பக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து வைத்தான்.

"எனக்கு எழுதத் தெரியுமே" என்றாள் அருள்ராணி.

"எனக்குத் தெரியாதுங்களா? போன வாரம் என் லீவு லெட்டரையே நீங்கதானே இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தீக." அவன் தலை குனிந்திருந்தது. "ஆயா ரிஜிஸ்தர்ல கையெழுத்துக் கட்டம் கிடையாதுங்கம்மா. எல்லாருக்கும் ரேகைதான். இடது கை குடுங்க."

அவன் அவள் கட்டைவிரலைப் பிடித்தான். மையில் ஒரு புரட்டு. தாளில் ஒரு புரட்டு.

"அக்கா!" வார்டிலிருந்து சொர்ணவல்லியின் அலறல். "அக்கா, ஓடியாங்க! வண்டி வந்திருக்கு, கைதான் முன்னால தெரியுது!"

அருள்ராணி ஓடினாள். கார்பாலிக் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். நகக்கண் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். கட்டைவிரல் கறுப்பு லேசில் விடவில்லை. தோல் சிவக்கும்வரை தேய்த்துவிட்டு அப்புறம்தான் தொட்டாள். சாய்ந்திருந்த குழந்தையை வயிற்றுக்குள்ளேயே திருப்பிக் கொண்டுவர முக்கால் மணி நேரம் பிடித்தது. டாக்டரம்மா கூடவே நின்று, அவள் கேட்டதையெல்லாம் எடுத்து எடுத்துக் கொடுத்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெண் குழந்தை, ஆறே கால் ராத்தல், பிறந்ததும் அழுதது. வெளியே மறுபடியும் ஒரே ஆரவாரம்.

அருள்ராணி கேஸ் சீட்டை எடுத்து எழுதினாள். வண்டி வந்த நேரம், குழந்தை கிடந்த விதம், திருப்பிய முறை, நாடி, எடை. இங்கிலீஷ் எழுத்துகள் கோடு போட்டதுபோல் நேராக நின்றன. அடியில் 'நர்ஸ் கையெழுத்து' என்று அச்சடித்த இடத்துக்கு வந்ததும் பேனாவைச் சொர்ணவல்லியிடம் கொடுத்தாள். சொர்ணவல்லி வழக்கம்போல் உதட்டைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பேரை எழுதி முடித்தாள்.

மை கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருந்தது. அது காய்வதற்காக அருள்ராணி தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊதினாள்.